சர்க்கஸ் ராணியின் காணாமல் போன கண்கள்

"கண்ணைக் காணோம்" என்றாள் வந்தவள்.

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவளுக்கு இரண்டு கண்களும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. கொஞ்சம் அழுது வீங்கியிருந்தன, அவ்வளவுதான்.

"யாரோட கண்ணும்மா?"

"ராணியோடது."

"எந்த நாட்டு ராணி?"

"தம்பி" என்றார் அண்ணி, மேசைக்குப் பின்னாலிருந்து. அந்த ஒரு சொல்லுக்குள் வாயை மூடு, நாற்காலியை இழுத்துப் போடு, தண்ணீர் கொண்டு வா என்று மூன்று கட்டளைகள் இருந்தன. சின்னவர் அவற்றில் இரண்டை நிறைவேற்றினார்.

அந்தத் துப்பறியும் நிலையம், சாவி வெட்டுகிற கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. 'கீழே பூட்டுத் திறக்கும், மேலே குட்டு உடையும்' என்று சின்னவர் ஒரு விளம்பர வாசகம் எழுதி வைத்திருந்தார். அண்ணி அதை அச்சடிக்க விடவில்லை. நிலையத்தைத் தொடங்கியவர் பெரியவர். அண்ணிக்குக் கணவர், சின்னவருக்கு அண்ணன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெரியவர் இல்லாமல் போன பிறகும் சின்னவர் சின்னவராகவே இருந்தார். நாற்பத்தைந்து வயதாகி, தலை பாதி நரைத்தும் பதவி உயர்வு வரவில்லை. பெரியவரின் நாற்காலியில் அண்ணி உட்காரவில்லை. தன் நாற்காலியை அதற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். வருகிறவர்கள் எதைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரிடம் குறைகளைச் சொன்னார்கள்.

வந்தவளும் சுவரிடம்தான் ஆரம்பித்தாள். பின்பால் மெஷின் வைத்திருப்பவர்கள் வட்டாரத்தில் அவளைக் 'கண்ணாடிக்காரி' என்பார்களாம். உரிந்து போகிற கண்ணாடிப் படங்களை ஒட்டிச் சரிசெய்வது அவள் தொழில்.

"பின்பால் மெஷின் பார்த்திருக்கீங்களா சார்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே. என் பத்தாம் வகுப்பு அதுக்குள்ளதான் விழுந்துச்சு. இன்னும் வெளிய வரல."

சரிவான மேசை போல ஒரு பெட்டி. அதற்குள் இரும்புப் பந்து ஓடும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு குட்டித் துடுப்புகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு பெட்டியில் படம் போட்ட கண்ணாடி. பின்னால் பல்புகள். தெரியாதவர்களுக்குப் பின்பால் மெஷின் என்பது இவ்வளவுதான். தெரிந்தவர்களுக்கு அந்தத் தலைக்கண்ணாடிதான் மெஷினின் முகம்.

"பெயிண்ட் முன்பக்கம் இருக்காதும்மா" என்று அவள் இப்போது அண்ணியைப் பார்த்தே சொன்னாள். "பின்பக்கம்தான் இருக்கும். அம்பது வருஷம் பல்பு சூட்டுல வெந்து செதில் செதிலா தூக்கிக்கும். ஊதினா பறக்கும். நான் வார்னிஷ் விட்டு அதைப் பிடிச்சு உட்கார வைப்பேன். உதிர்ந்துபோன இடத்துல வரைவேன்."

"பின்பக்கத்துலருந்து."

"ஆமாம்மா. எங்க வேலையே தலைகீழ்." பையிலிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் கிளி. திருப்பினால் வெறும் பச்சைத் திட்டு. "நீங்க காகிதத்துல வரைஞ்சா முதல்ல முகம், கடைசியில கண்ணு. நாங்க முதல்ல கண்ணு வெச்சுடணும். அது காய்ஞ்சதும் அதுக்கு மேல முகம். அதுக்கும் மேல வானம். முன்னாலருந்து பார்க்கறவங்களுக்கு எல்லாம் சரியா வரும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் சின்னவர். "தீர்ப்பு முதல்ல. விசாரணை அப்புறம்."

"உங்க வீடு பரவாயில்ல சார்" என்று அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

அண்ணி வாசித்துவிட்டுச் சின்னவரிடம் தள்ளினார். ஒரு சங்கத்தின் கடிதம். 'சர்க்கஸ் ராணி' என்கிற பழைய மெஷினின் தலைக்கண்ணாடியைப் பழுது பார்க்க இவளிடம் கொடுத்திருந்தார்கள். இருபது நாள் முன்பு அவள் அதைத் திருப்பித் தந்தாள். 'தாங்கள் ஒப்படைத்த கண்ணாடியில் ராணிக்குக் கண்கள் இல்லாமையால், அது அசல் அன்று, மலிவான நகலே என்பதும், அசலைத் தாங்கள் அபகரித்தீர்கள் என்பதும் ஐயந்திரிபறத் தெளிவாகிறது.' கூடவே ஒரு தீர்மானத்தின் நகல். 'இன்று மாலை நான்கு மணிக்குக் கூடிய செயற்குழு, நீண்ட விவாதத்துக்குப் பின், மேற்படியாரை நம்பிக்கைக்குரியவர் அல்லர் என ஏகமனதாக அறிவித்து, உறுப்பினர் நாற்பத்து மூவருக்கும் கடிதம் அனுப்ப முடிவு செய்தது.'

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி இப்ப காலை பத்தரை. நாலு மணிக் கூட்டம் இன்னும் கூடவே இல்ல."

"விவாதம் ரொம்பத்தான் நீண்டிருக்கு அண்ணி. சாயங்காலத்துலருந்து காலை வரைக்கும் வந்துடுச்சு."

கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. "இந்த மெஷின் வெச்சிருக்கறவங்க அந்த நாப்பத்து மூணு பேர்தான் சார். வேற யாரும் கிடையாது. திருடின்னு ஒரு தடவை எழுதிட்டா, நாளைக்கு நானே இல்லைன்னு சத்தியம் பண்ணினாலும் யாரும் ஒரு கண்ணாடி தரமாட்டாங்க. பதினாறு வருஷ வேலை. நான் திருடி இல்லம்மா. அதை யாராவது அவங்க காதுல விழற மாதிரி சொல்லணும்."

கடிதத்தோடு ஒரு புகைப்படம் இணைத்திருந்தார்கள். புலி மேல் சவாரி செய்கிற சிவப்புக் கவுன்காரி. மூக்கு இருந்தது, உதடு இருந்தது, கிரீடம் இருந்தது. மூக்குக்கு மேலே வழவழவென்று ஒன்றுமே இல்லை.

"உதிர்ந்து போயிருக்குமோ?" என்றார் அண்ணி.

"உதிர்ந்தா ஓட்டை தெரியணும்மா. பின்னாடி இருக்கிற பல்பு தெரியணும். இங்க கண்ணு இருந்த இடத்துல தோல் இருக்கு. நான் கொடுத்தப்ப கண்ணு இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்க்கலாம்னா என்னை உள்ளயே விட மாட்டேங்கறாங்க."

அண்ணி படத்தைக் கவிழ்த்து வைத்தார். "உங்க அண்ணன் இருந்தா முதல்ல என்ன கேட்பாரு தம்பி?"

"கடைசியா யார் தொட்டதுன்னு கேட்பாரு."

சின்னவர் வாயிலிருந்து கிண்டல் வால் இல்லாமல் ஒரு வாக்கியம் வருவது அபூர்வம்.

"அதைக் கேட்டா எல்லாரும் கையைக் கட்டிக்குவாங்க" என்று எழுந்தார் அண்ணி. "நாம வேற கேள்வி கேட்போம். கண்ணு எங்க போச்சு?"

*

சங்கத்தின் பெயர்ப்பலகை மாடிப்படியின் அகலம் போதாமல் மூலையில் மடங்கியிருந்தது. பழைமைசால் பந்தாட்ட இயந்திரப் பாதுகாப்பு, ஆய்வு மற்றும் மேம்பாட்டுச் சங்கம். சின்னவர் வாசித்து முடிப்பதற்குள் இரண்டாம் மாடி வந்துவிட்டது. கண்ணாடிக்காரி படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே நீளமான கூடம். பதினோரு மெஷின்கள் கயிறு கட்டிய வேலிக்குள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டை. 'தொடாதீர்.' 'சாயாதீர்.' 'கண்ணாடி அருகே மூச்சு விடாதீர்.'

"இதுல யாராவது ஆடுவாங்களா?" என்று கேட்டார் சின்னவர்.

"ஆடுவதா?" என்று ஒரு குரல் வந்தது. "அன்பரே, இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல."

தலைவர். ஆள் ஒரு மேடை அளவுக்கு இருந்தார். கோட்டில் சங்கத்தின் சின்னம். இரண்டு பேர் எதிரில் நின்றாலும் இருநூறு பேருக்குப் பேசுகிற தொண்டை. அவருக்கு அரையடி பின்னால், கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு செயலாளர் நின்றார். ஒல்லி மனிதர், பேசுவதற்கு முன் அனுமதி கேட்கிற மாதிரி ஒரு சின்ன இருமல்.

"அசலைக் கண்டுபிடிக்கலாம்னு வந்திருக்கோம் ஐயா" என்றார் அண்ணி. அதில் பொய் எதுவும் இல்லை.

"மெச்சுகிறேன் அம்மையாரே. நாளை எங்கள் ஆண்டுக் கண்காட்சி. அந்த நேரத்திலா இந்த அநியாயம்? கண்ணில்லாத ராணியை எப்படிக் காட்டுவேன்?"

"கண்ணாடியைக் கொண்டுவந்து வெச்சப்ப அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாங்களா?"

செயலாளர் இருமினார். "சீட்டு ஒட்டியிருந்தாங்கம்மா. பெட்டிக்குப் பின்னால." கோப்பைப் பிரித்து, கண் இமைப்பதற்குள் ஒரு காகிதத்தை எடுத்துவிட்டார். ஓரத்தில் வரவு எண், தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. 'வார்னிஷ் இறுக ஒரு மாதம் ஆகும். அதுவரை பின்பக்கம் துடைக்கக் கூடாது.'

"பெட்டியில ஒட்டினது கோப்புக்குள்ள எப்படி வந்துச்சு?"

"செயற்குழு ஒப்புதல் இல்லாத அறிவிப்புங்களாச்சே. விதிப்படி எடுத்துட்டோம்."

"தலைவர் பார்த்தாரா?"

"கோப்பு தலைவர் மேசைக்குப் போச்சுங்க."

"பார்த்தாரா?"

"மேசையிலருந்து திரும்பியும் வந்துச்சுங்க" என்று செயலாளர் தரையைப் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கண்ணாடி என்றால் துடைக்கத்தானே வேண்டும்? பொதுவாகச் சொல்கிறேன்."

"பொதுவாத்தான் கேட்டுக்கறோம்" என்றார் சின்னவர்.

சுவரில் எட்டு எண்ணெய் ஓவியங்கள் மாட்டியிருந்தன. ஏழு முன்னாள் தலைவர்கள், எட்டாவதாக இந்நாள் தலைவர். எட்டுப் பேரும் வெவ்வேறு மூக்கு, வெவ்வேறு மீசை. ஆனால் யார் வந்து நின்றாலும் அந்தப் பதினாறு கண்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி பார்த்தன. சின்னவர் கிட்டப் போனார். ஒவ்வொரு கண்ணிலும் மூன்றே மூன்று இமை முடிகள், மேல்நோக்கி, விரித்த விசிறி போல.

"யாருங்க வரைஞ்சது?"

"அடியேனின் கைவண்ணம்" என்று தலைவர் தலையை இரண்டு அங்குலம் தாழ்த்தினார். கீழ் மூலையில் அவர் கையெழுத்து ராணியின் புலி அளவுக்குப் பாய்ந்திருந்தது.

"பதவி முடிஞ்சு போறப்ப சாவியோட சேர்த்துக் கண்ணையும் ஒப்படைச்சுட்டுப் போயிடுவாங்களோ? எல்லாருக்கும் ஒரே கண்ணா இருக்கு."

"அது என் பாணி. ஒரு கண்ணுக்கு மூன்று முடி. நம்பிக்கை, நாணயம், நிர்வாகம்."

சின்னவர் எட்டாவது படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், செயலாளர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று சின்னவர் துடைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. செயலாளர் இன்னமும் பார்த்தார்.

பிறகு சர்க்கஸ் ராணியின் முன்னால் போய் நின்றார்கள்.

புகைப்படத்தில் பார்த்ததைவிட நேரில் மோசம். புலி உறுமிற்று, கோமாளி குட்டிக்கரணம் அடித்தான், நட்சத்திரங்கள் சிதறின. நடுவில் ராணி, அவித்த முட்டைக்குக் கிரீடம் வைத்த மாதிரி, ஒன்றையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற இடங்களில் கண்ணாடிக்காரியின் வேலை சுத்தமாக இருந்தது. எங்கே உரிந்தது, எங்கே ஒட்டினாள் என்று தேடினாலும் தெரியவில்லை.

அண்ணி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கடைசியில் தலைவரைப் பார்த்தார். "ஐயா, உங்களை இந்த மெஷின் பக்கத்துல நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? துரோகத்துக்கு நடுவுலயும் தலை நிமிர்ந்து நிக்கிற மாதிரி."

தலைவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"விளக்கு மட்டும் போட்டா உங்க முகத்துல வெளிச்சம் நல்லா விழும்."

"விளக்குப் போடக் கூடாதுங்க" என்றார் செயலாளர், இந்த முறை இருமாமல். "விதி பதினெட்டு. பல்புச் சூடு."

"அந்த விதியை இயற்றியவனே நான்" என்றார் தலைவர். குனிந்து, முனகி, தன் கையாலேயே பிளக்கைச் சுவரில் செருகினார்.

பல்புகள் ஒவ்வொன்றாகத் துடித்து எழுந்தன. முதலில் புலிக்குக் கண் வந்தது. பிறகு நட்சத்திரங்கள். கோமாளியின் மூக்கு சிவந்தது. ராணியின் முகம் மெல்ல வெளுத்துப் பளிச்சிட்டது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல மங்கலாக, இரண்டு கண்கள் தெரிந்தன.

சின்னவர் போட்டோவில் தலைவரை விட்டுவிட்டு ராணியை எடுத்தார். தலைவர் மட்டும் மெஷினுக்கு முதுகு காட்டியபடி விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு" என்றார் அண்ணி, கண்ணாடிக்குக் கிட்டே விரல் நீட்டி. "ரெண்டு. மூணு. இந்தப் பக்கமும் மூணு. மேல்நோக்கி. தம்பி, அந்தப் பொண்ணை வரச் சொல்லு."

"உள்ளே வர அவளுக்கு அனுமதி..." என்று தொடங்கித் திரும்பிய தலைவர், ராணி தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். வாக்கியம் அத்தோடு நின்றுவிட்டது.

*

கண்ணாடிக்காரி ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் குனிந்து, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் காலையிலிருந்து இருந்த பயம் போய், தொழில்காரர்களுக்கு வருகிற எரிச்சல் வந்திருந்தது.

"என் கண்ணாடிதான். நகலும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னும் இறுகாத பச்சை வார்னிஷ்ல யாரோ ஈரத்துணி போட்டுத் தேய்ச்சிருக்காங்க. முகம் மட்டும் துணியோட போயிருக்கு. அப்புறம் யாரோ வரைஞ்சு மூடியிருக்காங்க. தோல் நிறத்தை முதல்ல பூசி, காய விட்டு, அதுக்கு மேல கண்ணு வெச்சிருக்காங்க. பின்னாலருந்து பார்த்தா முழு முகம். முன்னாலருந்து பார்த்தா தோல் மட்டும்தான்."

"அப்ப கண்ணு எங்கயும் போகல" என்றார் சின்னவர். "உள்பக்கம் பார்த்துக்கிட்டு பல்பு எண்ணிக்கிட்டு இருந்திருக்கு."

"இந்த வேலையில இருக்கிற யாரும் இந்தத் தப்பைப் பண்ண முடியாது" என்றார் அண்ணி. "காகிதத்துலயும் துணியிலயும் மட்டுமே வரைஞ்ச கை. கண்ணாடியைக் கவிழ்த்து மேசையில போட்டு, அவசரத்துல வரைஞ்ச கை. கண்ணுக்கு மூணு முடி வைக்கிற கை." அவர் சுவரில் இருந்த எட்டுப் பேரையும் ஒரு முறை பார்த்தார். பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் கூடவே பார்த்தார்கள்.

கேஸ் முடிந்துவிட்டது என்று சின்னவர் முடிவு செய்தார். "நம்பிக்கை, நாணயம், நிர்வாகம்" என்று எண்ணிக் காட்டினார். "கையும் களவுமா, முடியும் கண்ணுமா மாட்டிக்கிட்டீங்களே தலைவரே."

தலைவர் வியர்த்தார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். சங்கத்தின் சொத்தை நாசம் செய்தவன் என்று ஒப்புக்கொண்டால் பதவி போகும். ஒப்புக்கொள்ளாமலிருக்க ஒரே ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போனாலும் ஏதோ போகும் போலிருந்தது. இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிற மாதிரி அவர் உதடுகள் அசைந்தன.

"நான் வரையல" என்றார் கடைசியில். மேடைத் தமிழ் எங்கோ வழியில் கழன்று விழுந்துவிட்டது. "எனக்கு வரையவே வராதும்மா. ஒரு வட்டம் போடச் சொன்னாக்கூட உருளைக்கிழங்குதான் வரும்."

"அப்ப இந்தப் படமெல்லாம்?"

தலைவர் திரும்பிச் செயலாளரைப் பார்த்தார். சின்னவரும் திரும்பினார். அண்ணி திரும்பவில்லை, அவர் முதலிலிருந்தே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் கோப்புகளை மேசைமேல் இறக்கினார். கோப்பில்லாத அவர் கைகளைச் சின்னவர் அப்போதுதான் பார்த்தார். நகக்கண்களில் தோல் நிறம்.

"இருபத்திரண்டு வருஷமா நான்தாங்க வரையறேன்" என்றார். "தலைவர் வரைஞ்சா சங்கத்துக்குப் பெருமைன்னு அப்ப ஒரு பேச்சு வந்துச்சு. தீர்மானம்கூட இருக்குங்க, எண் வேணா சொல்றேன்."

"வேண்டாம்" என்றார் சின்னவர்.

"நாலு நாள் முன்னால தலைவர் பின்பக்கத்தைத் துடைச்சாரு. துணியில முகம் வந்துடுச்சு. கண்காட்சிக்குள்ள சரி பண்ணுன்னாரு. ராத்திரி பகலா உட்காரலைங்க, ஒரே மத்தியானம்தான். நல்லா வந்துச்சுங்க. இத்தனை வருஷமா மீசைக்காரங்களையே வரைஞ்சவன், முதல் தடவையா ஒரு பொண்ணு முகம். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் தூக்கி நிறுத்தி முன்னால வந்து பார்த்தா..." அவர் கையை விரித்தார். "தலைவரு அதைப் பார்த்துட்டு, 'இது நகல்'னு சொல்லிட்டாரு. நான் எழுதிட்டேன். எதைச் சொன்னாலும் எழுதிப் பழக்கம்."

"உங்க பழக்கத்துக்கு என் பேரா கிடைச்சுது?" என்றாள் கண்ணாடிக்காரி.

செயலாளர் மேசைமேல் கிடந்த கோப்புகளை நேராக அடுக்கினார்.

சின்னவர் அண்ணியின் காதருகே குனிந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நான் தலைவர்னே முடிவு பண்ணிட்டேனே."

"தன் படத்தை யாராவது பார்க்கறப்ப, வரைஞ்சவன் படத்தைப் பார்க்க மாட்டான் தம்பி. பார்க்கறவன் மூஞ்சியைப் பார்ப்பான். நீ மீசையைத் துடைச்சியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

*

நான்கு மணிக்குச் செயற்குழு கூடியது. மற்ற மூன்று உறுப்பினர்களும் வந்து, கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் சொன்னதே சரி என்ற முகத்தோடு உட்கார்ந்தார்கள். அண்ணியும் சின்னவரும் பார்வையாளர் பெஞ்சில். கண்ணாடிக்காரி கதவருகே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தலைவருக்கு மத்தியானத்துக்குள் தமிழ் திரும்பியிருந்தது. "இயற்கைச் சீற்றங்களால் கண்ணாடி நலிவுற்றதென்று ஒரு தீர்மானம் போட்டு, இதை இத்துடன் நல்லிணக்கமாக..."

"எந்த இயற்கை?" என்றாள் கண்ணாடிக்காரி. "ஈரத்துணியா?"

மூன்று உறுப்பினர்களும் ஈரத்துணி இயற்கைதானா என்று யோசிக்கிற மாதிரி கூரையைப் பார்த்தார்கள்.

"நாளைக்குக் கண்காட்சி இருக்கும்மா" என்று தலைவர் இறங்கி வந்தார். "அதுக்குள்ள அந்தக் கண்ணைச் சரி பண்ணித் தர முடியுமா?"

"முடியாது. உள்ள இருக்கறதை முழுசா எடுத்துட்டு முதல்லருந்து வரையணும். ஒரு மாசம்."

"எடுத்துடுவீங்களா?" என்று செயலாளர் கேட்டார். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். இந்த மனிதரின் கைதான் அவளைத் திருடி என்று எழுதியது. "எடுத்துத்தான் ஆகணும்" என்றாள். பிறகு, யாருக்கோ சொல்கிற மாதிரி, "நாளைக்கு ஒரு நாள் விளக்கை அணைக்காம வைங்க. எரியற வரைக்கும் கண்ணு இருக்கும்."

தலைவர் மேசையைத் தட்டினார். "ஆக, இயற்கைச் சீற்றங்களால் என்று எழுதும்."

செயலாளர் பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னதை எழுதிய கை அது. காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வேகமாக எழுதிற்று. நாற்பத்து மூன்று பேருக்கும் போக வேண்டிய கடிதம். எழுதி முடித்ததும், யாரும் கேட்காமலே எழுந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"சர்க்கஸ் ராணியின் கண்ணாடி அசல். அதைப் பழுது பார்த்த அம்மையார் ஒரு குறையுமின்றித் திருப்பித் தந்தார். துடைக்க வேண்டாம் என்று எழுதியும் தந்தார். துடைத்தவர் தலைவர். தவறாக வரைந்து மூடியவன் நான். அவரைத் திருடி என்று எழுதியவனும் நானே. அது பொய்."

"இதை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் செயலாளர். மூன்று உறுப்பினர்களும் பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகு இறக்குவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி அவர்களைப் பார்த்ததும் யாரும் இறக்கவில்லை. தலைவரின் கை மேசை மேலேயே கிடந்தது.

"நாலு பேர் ஆதரவு, ஒருத்தர் எதிர்ப்பு. சங்க வரலாற்றுல முதல் தடவையா ஏகமனதா இல்லாம நிறைவேறுது" என்று செயலாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரி கதவருகிலிருந்து மேசைக்கு வந்திருந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

செயலாளர் காகிதத்தைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் படித்தார்.